பதினாலாவது கேள்வி

சென்சஸ் டூட்டி என்று சுற்றறிக்கை வந்தால் ஆசிரியர் அறையில் ஒரு முனகல் கேட்கும். பள்ளிக்கூட வேலையும் குறையாது, வெயிலும் குறையாது. 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை, புதுக்கோட்டை மாவட்டத்தில் நான் வேலை பார்த்த பள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்தின் ஒரு பகுதி என் தலையில் விழுந்தது. 130 வீட்டுக்குக் கொஞ்சம் கூட. பள்ளி விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், விளக்கு வைக்கிற நேரத்துக்குள் ஏழெட்டு வீடு முடியும்.

ஓர் ஆளுக்கு 29 கேள்விகள். பெயர், மதம், தாய்மொழி எல்லாவற்றுக்கும் பட்டென்று பதில் வரும். வயது தெரியாதவர்கள்கூடக் கூச்சப்பட மாட்டார்கள். "பெரிய மழை பேஞ்ச வருஷம் பொறந்தவன், நீங்களே ஒரு கணக்குப் போட்டுக்கங்க டீச்சர்" என்று நம்மிடமே தள்ளிவிடுவார்கள். பதினாலாவது கேள்விக்கு வரும்போதுதான் குரல் மாறும். எதுவரை படித்திருக்கிறீர்கள்? சிலர் சிரிப்பார்கள். சிலர் உள்ளே திரும்பிப் பார்ப்பார்கள். ஓர் அண்ணன், நல்ல வசதிக்காரர், அதுவரை நாற்காலியில் சாய்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து "எட்டு... எட்டாவது போட்டுக்கங்க" என்றார். போட்டுக்கொண்டேன்.

பெயர் எதுவும் இங்கே வராது. 1948ஆம் வருஷத்துச் சென்சஸ் சட்டப்படி அந்தப் படிவத்தில் இருப்பதை வெளியே சொல்லக் கூடாது. அதனால் அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். என்னைப் பற்றி மட்டும் மாற்றவில்லை.

படிவத்துக்கான விதி கறாரானது. ஒருவர் எந்த நிலையைத் தேறி முடித்தாரோ அதைத்தான் எழுத வேண்டும். படித்துக்கொண்டிருக்கிற வகுப்பு கணக்கில் வராது. பத்தாவது படிக்கிற பையனுக்கு ஒன்பது. பத்தாவது எழுதிக் கணக்கில் கோட்டை விட்டவருக்கும் ஒன்பது. ஊரில் ஒருவரும் தன்னை 'ஒன்பதாவது' என்று சொல்லிக்கொள்வதில்லை. 'பத்தாவது ஃபெயில்' என்பார்கள், அதுவே ஒரு தகுதி மாதிரி. ஒரு காலத்தில் 'எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயில்' என்றால் ஊருக்கு மனு எழுதிக் கொடுக்கிற ஆள். வெளியாகிற அட்டவணையில் அவர்கள் எல்லோரும் நடுநிலைக் கல்வி என்ற பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள், எட்டாவதோடு நின்ற நம் அண்ணனுக்குப் பக்கத்தில். ஒரு பாடத்தில் நாலு மார்க் குறைந்தவரும், எட்டோடு பையைத் தூக்கிப் போட்டவரும் ஒரே எண்.

இன்னொரு கோடியில் இதைவிட வேடிக்கை. மாவட்ட வாரியாக வெளியிடும் கல்வி நிலை அட்டவணையில் கடைசிக் கட்டம் 'பட்டமும் அதற்கு மேலும்'. அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தவர், எம்.பி.பி.எஸ்., டாக்டர் பட்டம் வாங்கிய பேராசிரியர் எல்லோருக்கும் ஒரே கூரை. பாடவாரியாகப் பிரித்துக் காட்ட வேறு இணைப்பு உண்டுதான், ஆனால் யார் அதுவரை புரட்டுகிறார்கள்?

பழைய படிப்புகள் வேறு குழப்பின. தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது 1978இல். அதற்கு முன் எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினோரு வருஷம், அப்புறம் கல்லூரியில் ஒரு வருஷம் பி.யு.சி. ஒரு தாத்தா "நான் படிச்சது பழைய எஸ்.எஸ்.எல்.சி., லெவன்த். இப்ப உள்ள பத்தாவதோட அதைச் சேர்க்காதீங்க" என்று கண்டித்துச் சொன்னார். சரி தாத்தா என்றேன். சேர்த்துத்தான் எழுதினேன். வேறு கட்டம் கிடையாது.

மூன்று நாள் போனதும் ஒன்று பிடிபட்டது. படிப்பைக் கேட்காமலே சொல்லிவிடலாம், வயது தெரிந்தால் போதும். ஒரே வீட்டில் பாட்டிக்கு ஒன்றுமில்லை, அம்மாவுக்கு அஞ்சு, மகளுக்கு பிளஸ் டூ அல்லது நர்சிங். அடுத்த வீட்டிலும் அதே. நாற்பது வயதை ஒட்டிய பெண்கள் வரிசையாக "அஞ்சாவது", "அஞ்சாவது" என்றே சொன்னார்கள். ஆறாவதும் இல்லை, நாலாவதும் இல்லை. அத்தனை பேருக்கும் ஒரே நாளில் படிப்பு கசந்துபோகுமா? விஷயம் சின்னது. ஊரில் இருந்தது அஞ்சாவது வரைக்குமான பள்ளிக்கூடம். ஆறாவதுக்குப் போக வேண்டுமானால் மெயின் ரோட்டைத் தாண்டி, கண்மாய்க் கரையோரமாக நடக்க வேண்டும். பையன்கள் நடந்தார்கள். பெண் பிள்ளைகளை அனுப்பவில்லை.

பிறகு அதே பள்ளியை நடுநிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தினார்கள். அதற்குப் பின் வந்த பெண்களெல்லாம் "எட்டாவது". பேருந்து வந்தது, இலவசப் பாஸ் வந்தது, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வந்தது. அதற்குப் பின் வந்தவர்களுக்கு பிளஸ் டூ. மரத்தை அறுத்தால் வளையம் வளையமாகத் தெரியுமே, அந்த மாதிரி. எந்த வருஷம் எது கிடைத்தது என்று வீட்டுப் பெண்களின் வயதை வைத்தே சொல்லிவிடலாம். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, அதன் விதிகள் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், எட்டாவது வரைக்குமான பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றன. அதைப் படித்தபோது எனக்கு அந்தக் கண்மாய்க் கரைதான் நினைவுக்கு வந்தது.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அறுபது வயதுப் பாட்டியின் கட்டத்தை எந்தப் பள்ளிக்கூடமும் இனி மாற்றப் போவதில்லை. தமிழ்நாட்டின் எழுத்தறிவு 2001இல் 73.45 சதவீதம், 2011இல் 80.09 என்று ஏறியது. ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. ஏறியதில் ஒரு பங்கு பள்ளிக்கூடத்தால், இன்னொரு பங்கு பாட்டிகள் போய்ச் சேர்ந்ததால். கசப்பாக இருக்கும், ஆனால் கணக்கு அப்படித்தான் ஓடுகிறது. மார்ச் 1இலிருந்து 5 வரை மறுசுற்று. இடையில் பிறந்ததையும் இறந்ததையும் சரிசெய்ய மறுபடி வீடு வீடாகப் போக வேண்டும். ஒரு வீட்டில் பந்தல் பிரிக்காமல் கிடந்தது. பத்து நாளைக்கு முன் எனக்கு மோர் கொடுத்த ஆயா. அவரது வரியை அடித்தேன். அந்தத் தெருவின் எழுத்தறிவு விகிதம் அந்தக் கோட்டோடு ஒரு துளி கூடியது.

ஊரின் படிப்பு அளவைப் பள்ளிக்கூடம் மட்டும் தீர்மானிக்கிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அந்த மூன்று வாரத்தில் அது கொஞ்சம் ஆட்டம் கண்டது. முப்பது வயதுக்காரர் ஒருவர் பதினாலு வயதில் படிப்பை விட்டவர், இருபத்தாறில் தனித்தேர்வராக எட்டாவது எழுதியிருந்தார். எதற்கு? டிரைவர் பேட்ஜுக்கு. வாடகை வண்டி, லாரி ஓட்ட லைசென்ஸ் வேண்டுமென்றால் அப்போது எட்டாவது தேறியிருக்க வேண்டும். 2019இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அடுத்த தெருவில் இரண்டு பேர் டுடோரியல் போய்ப் பத்தாவதை முடித்திருந்தார்கள், இரண்டு பேருமே வளைகுடாவுக்குக் கிளம்பியவர்கள். பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகை. வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். தேறியிருந்தால் அது தேவையில்லை. எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சில்கூட மாப்பிள்ளையின் படிப்பைக் கேட்காமல் "பாஸ்போர்ட் இ.சி.ஆரா, இல்லையா" என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே கேள்விதான்.

பெண்களுக்குக் கல்யாண உதவித் திட்டம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கியபோது மணப்பெண் எட்டாவது படித்திருக்க வேண்டும் என்றது. 2011இல் புது ஆட்சி வந்தபின் பத்தாவது வரை படித்தவருக்கு 25,000 ரூபாய், பட்டமோ டிப்ளமோவோ முடித்தவருக்கு 50,000, இரண்டு பேருக்கும் தாலிக்கு 4 கிராம் தங்கம் என்று படி வைத்தார்கள். கல்யாணத்துக்குக் காசு கொடுத்துப் படிக்க வைப்பதா என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் "பத்தாவதை முடிச்சிரட்டும் டீச்சர், அப்பறம் பாத்துக்கலாம்" என்று பெற்றவர்கள் ஒரு வருஷம் தள்ளிப்போட்டதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வருஷத்தில் பிளஸ் ஒன் சேர்ந்துவிட்ட பிள்ளைகள் உண்டு. 2022இல் அந்தத் திட்டத்தையே புதுமைப் பெண் என்று மாற்றி, அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். கேட்கவே நன்றாக இருந்தது.

அடுத்தவரைச் சொல்வானேன். நான் பிளஸ் டூ முடித்து டீச்சர் டிரெயினிங் படித்து இடைநிலை ஆசிரியையாக வேலைக்கு வந்தவள். அப்புறம் அஞ்சல் வழியில் பி.ஏ., எம்.ஏ. வரலாற்றின் மேல் தாகம் பொங்கியெல்லாம் இல்லை. அப்போதெல்லாம் உயர்கல்வி முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு கிடைத்தது, 2020இல்தான் அதை நிறுத்தினார்கள். எங்கள் பள்ளியில் அநேகமாக எல்லோரும் அதற்காகத்தான் எழுதினோம். தேர்வுக்கு முந்தின இரவு நோட்ஸ் வாங்கிப் படித்து, முடிவு வந்ததும் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்து அலுவலகத்தில் கொடுத்தோம். மொகலாயர் நிலவரி முறை பற்றி இன்று யாராவது கேட்டால் எனக்கு ஒரு வரி வராது. அட்டவணையில் நான் 'பட்டமும் அதற்கு மேலும்'.

பொய்யும் வந்தது. பொய் என்றால் பாவம், ஆசை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டில் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் முறை வந்ததும் குரலை உயர்த்தி, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "எங்க மருமக பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்றார். கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றிருந்தாள், இடுப்பில் குழந்தை. என்னைப் பார்த்துத் தலையை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினாள். தண்ணீர் கேட்கிற சாக்கில் உள்ளே போனேன். "மூணு பேப்பர் அரியர் இருக்கு டீச்சர். கல்யாணத்தோட நின்னுபோச்சு. அவங்களுக்குத் தெரியாது." சொம்பைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னாள். திண்ணைக்கு வந்து படிவத்தை என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்து 'பன்னிரண்டாம் வகுப்பு' என்று எழுதினேன். "நல்லா எழுதிக்கிட்டீங்களா, பி.எஸ்சி." என்றார் மாமியார். எழுதிக்கிட்டேன்மா என்றேன். அரசாங்கத்துக்கு உண்மையைச் சொல்லி ஆளுக்குப் பொய் சொன்னது அன்றுதான் முதல் முறை.

அந்த மூன்று பேப்பரை அவள் பிறகு எழுதினாளா தெரியாது. எழுதியிருந்தால், அவளுக்கும் அந்தக் கட்டத்துக்கும் நடுவே இருந்தது ஒன்பது மணி நேரத் தேர்வு மட்டும்.

இந்த எண்களை வைத்து ஊரை எடை போடுகிறவர்களிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. அந்தக் கிராமத்தில் பட்டதாரிகள் குறைவு. விரல் விட்டு எண்ணிவிடலாம். அதைப் பார்த்து "பின்தங்கிய ஊர்" என்று யாராவது எழுதினால் கணக்குப்படி தப்பில்லை. ஆனால் நான் போன வீடுகளில் பாதியில் சுவரில் பட்டமளிப்பு விழாப் போட்டோ தொங்கியது. கருப்பு அங்கி, கையில் சுருட்டிய காகிதம், பின்னால் ஸ்டூடியோவின் நீலத் திரை. "இவுகளும் இந்த வீடுதானே, எழுதிக்கங்க" என்பார்கள். எழுத முடியாது. கணக்கெடுப்புக் காலத்தில் எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் அவர் கணக்கில் வருவார். பொறியாளர் மகன் சென்னைக் கணக்கில், நர்ஸ் மகள் கோயம்புத்தூர்க் கணக்கில். வெளிநாட்டில் இருப்பவர் எந்தக் கணக்கிலும் இல்லை. படிக்க வைத்தது இந்த ஊர், நிலத்தை ஒத்திக்கு வைத்தது இந்த ஊர். சதவீதம் ஏறியது வேறெங்கோ. ஓர் ஊர் தன் பிள்ளைகளை எவ்வளவு நன்றாகப் படிக்க வைக்கிறதோ அவ்வளவுக்கு அட்டவணையில் அது கீழே போகும், உள்ளூரில் வேலை இல்லாத வரை.

தலைகீழாகவும் நடக்கும். 2011 கணக்கில் தமிழ்நாட்டு மாவட்டங்களில் எழுத்தறிவில் முதலிடம் கன்னியாகுமரி, 91.75 சதவீதம். கடைசி தருமபுரி, 68.54. கன்னியாகுமரியில் பள்ளிகள் ரொம்பக் காலமாக இருக்கின்றன, அந்த உயரம் அங்கேயே விளைந்தது. ஆனால் பெருநகரங்களின் பட்டதாரி எண்ணிக்கையைப் பார்த்தால் எனக்கு அந்தச் சுவர்ப் போட்டோக்கள்தான் ஞாபகம் வரும், வேறு ஊர்களிலிருந்து போய்ச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை 47 சதவீதம், நாட்டுச் சராசரி 28.4 தான் என்று 2021–22 அறிக்கையைக் காட்டி நாம் மார்தட்டுவோம். தட்டலாம், நியாயம்தான். அதுவும் கல்லூரியில் சேர்ந்தவர்களின் கணக்கு. ஊரில் குடியிருப்பவர்கள் எவ்வளவு படித்திருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

அந்தப் படிவத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. எழுத்தறிவு உண்டு, கல்வி நிலை எதுவும் இல்லை. பள்ளிக்கூடம் போகாமலே எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கான இடம். ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர், ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருந்தால் போதும். இரண்டும் வேண்டும். படிக்க மட்டும் தெரிந்தால் கணக்கில் சேராது. ஆறு வயதுக் குழந்தை ஒன்றாம் வகுப்பில் சரளமாகப் படித்தாலும் சேராது.

எங்கள் மாவட்டத்தில் இந்தக் கட்டம் வெறிச்சோடிக் கிடக்காது. 1991இல் அறிவொளி இயக்கம் இங்கே திருவிழா மாதிரி நடந்தது. பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் கல் உடைக்கிறவர்கள்கூடச் சாயங்காலம் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். இருபது வருஷம் கழித்து நான் போனபோது பலருக்கு எழுத்து தேய்ந்து கையெழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. ஓர் ஆயா, எழுபதுக்குப் பக்கம், என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து நான் எழுதியிருந்த மகன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். "சரியாத்தான் எழுதியிருக்க ஆத்தா."

எழுதத் தெரியுமா ஆயா என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போடுவேன். அதுக்கு மேல யாருக்கு எழுதப் போறேன்."

வேறு ஏதாவது, ஒரு வரி?

யோசித்தார். என் கையிலிருந்த பேனாவை வாங்கி, என் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். ரொம்ப நேரம் ஆயிற்று. பேனாவை உளி மாதிரி பிடித்திருந்தார். முதல் வரியில் அவர் வீட்டுக்காரர் பெயர். அடுத்த வரியில் பிளாக் நம்பர். அப்புறம் ஒரு தெருப் பெயர், தமிழ் எழுத்தில் ஆங்கிலம். கடைசியில் சிங்கப்பூர். அறிவொளியில் அவர் கேட்டுக் கற்றுக்கொண்டது அந்த விலாசம். அதற்கு முன் கடுதாசிக் கவரை எடுத்துக்கொண்டு வீடு வீடாக அலைவாராம், விலாசம் எழுத ஆள் தேடி. வீட்டுக்காரர் இறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. விலாசத்தில் ஓர் எண்கூட விட்டுப்போகவில்லை என்று அவரே இரண்டு தரம் சரிபார்த்தார்.

அர்த்தம் புரிந்து எழுத வேண்டும் என்கிறது விதி. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எழுத்தறிவு உண்டு, நிலை இல்லை.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஐ மையமாக வைத்திருக்கிறார்கள். கைப்பேசியில் பதிவு, வேண்டுமானால் வீட்டுக்காரர்களே நிரப்பிக்கொள்ளலாம். 2021இல் வர வேண்டியது இவ்வளவு தள்ளிப்போனதில், கொரோனா காலத்தில் பரீட்சை இல்லாமல் 'ஆல் பாஸ்' ஆன பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுடையதும் தேறிய கணக்குதான். கைப்பேசி யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் வீட்டின் படிப்பு என்று ஆகப்போகிறது. அநேகமாக மருமகள் கையில் இருக்கும். நல்லதுதான்.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2011இல் எங்கள் தெருவுக்கு வந்தவர் வேறு பள்ளி ஆசிரியர். நான் அந்தக் கிராமத்தில் திண்ணை திண்ணையாக உட்கார்ந்திருந்த நேரத்தில் வந்து போயிருக்கிறார். பதில் சொன்னது என் அம்மா. ராத்திரி சாப்பிடும்போது, "எனக்கு என்னம்மா போட்டார், எம்.ஏ.தானே?" என்று கேட்டேன்.

"டீச்சர் டிரெயினிங்னு சொன்னேன். அதானே நீ படிச்சது?"

மறுசுற்றில் சொல்லித் திருத்தியிருக்கலாம். அஞ்சு நாள் இருந்தது. அவர் வீடு எங்கள் தெருமுனையில்தான்.